எவர் கையால் வாங்குவது?

சான் பிரான்சிஸ்கோ நகரின் சேர்ச் வீதியிலே செங்கல்லாற் கட்டப்பட்ட பழைய லூத்தரன் கோவிலொன்று உண்டு. டென்மார்க்கிலிருந்து சென்று குடியேறியோர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பியது; இப்பொழுது புனித பிரான்சிஸ் கோவில் என வழங்குவது. 1990 ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் இக்கோவிற் சபையாரும் அந்நகரத்து இன்னொரு லூத்தரன் சபையாரும் மூவருக்குக் குருப்பட்டம் அளித்துத் தம் போதகராக ஏற்றுக்கொண்டனர். ரூத் புரொஸ்ட், பிலிஸ் சில்காட் என்னும் பெண்கள் இருவர். ஜெவ் ஜோன்சன் என்னும் ஆண் ஒருவர். பெண்கள் இருவரும் வாழ்க்கைத் துணையாய் இணைந்தவர்கள். ஜோன்சனும் தமது தன்பாற் காதலை மறைக்காதவர். இச்சபைகள் சார்ந்திருந்த அமெரிக்க நற்செய்தி லூத்தரன் திருச்சபையோ, இத்தகையோர் ஆயுள் முழுவதும் துறவொழுக்கம் பூண்பதாக உறுதி கூறினாலன்றிக் குருப்பட்டம் பெறலாகாது என விதித்திருந்தது. அதே ஆண்டு யூலை மாதத்தில் விசாரணை நடந்தது. இரு சபைகளும் தற்காலிகமாக விலக்கப்பட்டன. 1995 ஆம் ஆண்டின் இறுதியில் முற்றாகவே வெளியேற்றப்பட்டன.

‘கடல் கடந்த நாட்டில், நம்மைச் சேராத ஒரு மதத்தின் உட்பூசல், இதனை நாம் ஏன் ஆராய வேண்டும்?’ என்று வாசகர் சிலர் கேட்கக்கூடும். இப்பூசலின் மையத்திலே உள்ள கேள்வி நம்மவருக்குப் பழக்கமானது என்பதே என் விடை. இன்னும் சொல்லப்போனால், இக்கேள்வி சான் பிரான்சிஸ்கோவில் எழுவதற்கு இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே, அதே லூத்தரன் சமயத்தாரிடையே, தமிழ் மொழியிலே எழுந்துவிட்டது.

கேள்வி யாதென்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். அமெரிக்கத் திருச்சபை தன்பாற் காதலரைக் கோவிலுக்குள் வரவேண்டாம் என்று சொல்லவில்லை. வரலாம், இருக்கலாம், பாடலாம், காணிக்கை இடலாம், அப்பமும் இரசமும் பெறலாம். இவ்வளவுக்கும் இடமிருந்தது. அவர்கள் கையிலிருந்து பிறர் அப்பத்தை வாங்குவதற்கே இடமில்லாதிருந்தது. ‘எல்லாரும் வருக’ என்று வாயிலில் எழுதி வைக்கும் சபைகள் அந்நாட்டில் 1980களிலிருந்து பெருகிவந்தன. எழுதியவர்களைக் குறைகூற வேண்டியதில்லை. வெறுப்பு மலிந்த காலத்தில் அவ்வாறு எழுதுவதற்கும் துணிவு வேண்டும். ஆயினும் வருபவரை ஏற்பதில் ஒரு வள்ளன்மைப் பாவம் உண்டு. வீட்டுக்காரன் வீட்டுக்காரனாகவே இருக்கிறான். வந்தவன் விருந்தாளியாகவே இருக்கிறான். வந்தவனுடைய கையிலிருந்து வீட்டுக்காரன் வாங்கி உண்ணும்போதே இருவரின் நிலையும் மாறுகின்றது. அச்சபையார் இருவரும் செய்தது இதனையே. எயிட்ஸ் நோய் அந்நகரத்து இளைஞரை நாள்தோறும் கொண்டுபோய்க்கொண்டிருந்த காலம் அது என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். பெற்றோரே தொட அஞ்சிய நோயாளரும் இருந்த காலத்தில், கைக்கு இருந்த பொருள் வேறு.

லூத்தரன் கோட்பாட்டை ஓரளவேனும் அறிந்தாலன்றி இவ்வழக்கின் கூர்மை புலப்படாது. மனிதன் தன் நற்செயல்களாலன்றி, நம்பிக்கை வழியே கிடைக்கும் இறையருளால் மட்டுமே நீதிமானாகின்றான் என்பது மார்ட்டின் லூத்தர் வகுத்த அடிப்படை. அருளுக்கு முன் குடிப்பிறப்பும் பதவியும் கணக்கில் வாரா. ஞானஸ்நானம் பெற்ற அனைவரும் குருத்துவம் உடையவரே என்று அவர் 1520 ஆம் ஆண்டில் எழுதினார். போதகர் என்பவர் சபையின் பொருட்டு ஒரு பணியைச் செய்பவரேயன்றி வேறொரு சாதி மனிதர் அல்லர். அதுவரை குருமார் மட்டுமே பருகிவந்த இரசக் கிண்ணத்தைப் பொதுமக்களின் உதட்டுக்குக் கொண்டுவந்ததும் அவ்வியக்கமே. 1530 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட அவுக்ஸ்புர்க் விசுவாச அறிக்கையின் எட்டாம் பிரிவு இன்னும் ஒருபடி மேலே செல்கின்றது: கொடுப்பவர் தீயவரேயாயினும் திருவருட்சாதனத்தின் பயன் குன்றாது என்கின்றது. தீயவன் கையே தடையாகாதெனில், பிறப்பினாலோ காதலினாலோ ஒருவர் கை தடையாவதெங்ஙனம்? கோட்பாட்டிலே இதற்கு விடையில்லை. விடையைச் சமூகத்திலேதான் தேட வேண்டும்.

சேர்ச் வீதிக் கோவிலைக் கட்டியோரின் தாய்நாடான அதே டென்மார்க்கின் அரசன் நான்காம் பிரெடரிக் அனுப்ப, 1706 ஆம் ஆண்டு யூலை 9 ஆம் நாள் தரங்கம்பாடிக் கரையில் இறங்கினர் சீகன்பால்க், புளூட்சோ என்னும் செருமானியர் இருவர். அடுத்த ஆண்டு மே மாதத்தில் அவர்கள் முதன்முதலாக ஞானஸ்நானம் அளித்த ஐவரும் டேனியரின் வீட்டடிமைகள். இலக்கிய வரலாறு எழுதுவோர் சீகன்பால்க்கின் அச்சுக்கூடத்தையும் 1714, 1715 ஆம் ஆண்டுகளில் வெளிவந்த தமிழ்ப் புதிய ஏற்பாட்டையும் தவறாது குறிப்பிடுவர். இவ்வைவரைக் குறிப்பிடுவாரைக் காணேன். அடிமைகளைக் கொண்டு தொடங்கிய சபை, பின்னர் வேளாளரும் சேரத் தொடங்கியவுடன் என்ன ஆயிற்று என்பதே கதையின் முக்கிய பகுதி. 1718 ஆம் ஆண்டிற் பிரதிட்டை செய்யப்பட்ட புதிய எருசலேம் கோவில் சிலுவை வடிவிலானது. அதனுள்ளே வேளாளர் ஒரு புறமும் பறையர் ஒரு புறமும் இருந்தனர். தஞ்சையில் நற்கருணைப் பந்தியிலே உயர்சாதியார் முதலிற் பெற்றுச் செல்ல, மற்றையோர் பின்னர் அணுகினர். உரோமைக் குருமாரிடமிருந்து மீட்டு எல்லாருக்கும் உரியதாக்கிய கிண்ணம், தமிழ்நாட்டுக்கு வந்து தீட்டுக்குரிய பாத்திரமாயிற்று.

இராசநாயக்கன் என்பவரைப் பற்றி ஈண்டு சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். தஞ்சை அரசனின் படையிற் சேவைக்காரனாய் இருந்தவர். பறையர் குலத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தினர். தரங்கம்பாடியில் அச்சான தமிழ் வேதப் புத்தகத்தைத் தாமே வாசித்து மனம் மாறி லூத்தரன் சபையைச் சேர்ந்தவர். 1720களின் இறுதியில் உபதேசியாராகி, தஞ்சை நாட்டிலே சபைகளை வளர்த்தவர். மிஷனரிமார் தாமே அவருடைய அறிவையும் ஒழுக்கத்தையும் மெச்சினர். சுதேசிகளுள் ஒருவரைக் குருவாக்க வேண்டும் என்ற எண்ணம் எழுந்தபோது, தகுதியில் அவருக்கு முற்பட்டவர் எவருமிலர் என்றே எண்ண இடமுண்டு. ஆனால் 1733 ஆம் ஆண்டு திசம்பர் 28 ஆம் நாள் குருப்பட்டம் பெற்றவர் ஆறுமுகம் என்ற இயற்பெயருடைய ஆரோன். கடலூர் வேளாளர், அவரும் நல்லவரே, உழைத்தவரே. இராசநாயக்கனின் கையால் நற்கருணை பெற வேளாளக் கிறித்தவர் உடன்படமாட்டார் என்றும், அவருக்குப் பட்டம் கொடுத்தால் நற்கருணையின் மதிப்பே குன்றிவிடும் என்றும் மிஷனரிமார் அஞ்சினர். எட்டாம் பிரிவை அவர்கள் மறந்தவரல்லர். செருமனியில் இறையியல் கற்றுத் தேறி வந்தவர்கள். தஞ்சை மாவட்டத்து நிலம் யார் கையில் இருந்தது, அதில் உழுதது யார், கோவிலுக்கு வந்தவனுடைய சோற்றுக்கு வழி யாரிடம் இருந்தது என்ற கணக்கையும் கற்றிருந்தனர். பின்னைய கல்வி முன்னையதை வென்றுவிட்டது. இராசநாயக்கன் நாற்பதாண்டுகளுக்கு மேல் உபதேசியாராகவே இருந்து 1771 ஆம் ஆண்டில் இறந்தார்.

இனி, தமிழ் கற்ற நம்மவருக்கு இன்னும் சங்கடமான பகுதிக்கு வருவோம்.

வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) பெயரை அறியாத தமிழ் மாணாக்கர் சிலரே. பெத்லகேம் குறவஞ்சியின் ஆசிரியர். சுவார்ட்சு ஐயரின் வளர்ப்பு. சரபோசி மன்னரின் உடன்பயின்றவர். குறத்தியையும் சிங்கனையும் கிறித்தவ மேடைக்குக் கொண்டுவந்து, ஐரோப்பிய இராகங்களில் மொழிபெயர்த்த ஞானப்பாட்டுக்களைப் பாடிக்கொண்டிருந்த சபைகளுக்குக் கர்நாடக இசையிற் கீர்த்தனை தந்தவர். 1820களின் இறுதியில் தஞ்சைக்கு வந்த புதிய மிஷனரிமாரோடு இவர் பெரும்போர் தொடுத்தார். அவர் அடுக்கிய குற்றச்சாட்டுக்கள் நான்கு. பழைய வேத மொழிபெயர்ப்பைத் திருத்துகிறார்கள். மணவிழா முதலியவற்றிற் பூச்சூடுதலைத் தடுக்கிறார்கள். தமிழ்க் கீர்த்தனைகளைக் கோவிலிலிருந்து அகற்றுகிறார்கள். சாதிகளை ஒரே பந்தியிற் கலக்கிறார்கள். இந்த நான்காவதன் பொருட்டு அவர் சாதியாசாரத்தை ஆதரித்து நீண்ட நூலொன்றையே 1829 ஆம் ஆண்டில் எழுதினார். மிஷன் உத்தியோகத்தையும் இழந்தார்.

முதல் மூன்றையும் வாசிக்கும்போது நம் நெஞ்சம் புலவர் பக்கம் சாய்கின்றது. பூவையும் பாட்டையும் பறிக்க வந்த அந்நியன் என்ன உரிமை பெற்றான்? நான்காவதை வாசிக்கும்போது நிலை தடுமாறுகின்றது. தமிழிசையைப் பழித்தவன் கையிலே சமத்துவம் இருக்கின்றது. தமிழிசையைக் காத்தவன் கையிலே சாதி இருக்கின்றது. நமது இலக்கிய வரலாற்றாசிரியர் இச்சங்கடத்தை எவ்வாறு தீர்க்கின்றனர் என்று பார்த்தால், பெரும்பாலும் நான்காவதைச் சொல்லாமல் விட்டே தீர்க்கின்றனர். ‘கிறித்தவர் தமிழுக்கு ஆற்றிய தொண்டு’ என்ற தலைப்பின்கீழ் நூற்பெயர்களும் ஆண்டுகளும் வரிசையாக வரும். நூல்கள் எந்தப் பந்தியில் இருந்து பாடப்பட்டன என்பது வராது. தொண்டு என்ற சொல்லே ஆராய்ச்சிக்குத் திரையாகிவிடுகின்றது.

சில ஆண்டுகளுக்கு முன் உயர்தர வகுப்பிலே குறவஞ்சி இலக்கியம் கற்பிக்கையில் சாஸ்திரியாரைப் புகழ்ந்து பேசிக்கொண்டிருந்தேன். புகழ்ந்ததோடு நில்லாமல், உண்மையை மறைக்கலாகாது என்ற நினைப்பில், அவருடைய சாதிக் கொள்கையையும் ஒரு வாக்கியத்திற் சொல்லி அப்பாற் சென்றேன். பின்வாங்கிலிருந்து மாணவன் ஒருவன் எழுந்தான். “அவரும் எங்களைப் புறம்பாய் இருத்தினவரோ, சேர்?” என்று கேட்டான். ‘எங்களை’ என்ற சொல்லில் அவன் வைத்த அழுத்தம் இன்றும் என் காதில் உள்ளது. ‘அக்கால வழக்கம் அப்படி’ என்று சொல்லி இருத்திவிட்டேன். அது ஆசிரியன் சொல்லத்தக்க விடையன்று. அக்காலத்திலேயே இராசநாயக்கன் இருந்தார். அவருக்கு அது வழக்கமாய்த் தோன்றியிருக்குமோ? வழக்கம் என்பது பந்தியின் முன்வரிசையில் இருந்தோரின் சொல்.

சாஸ்திரியாரை நாம் தள்ளிவிட வேண்டும் என்று நான் வாதிடவில்லை. அவருடைய கீர்த்தனைகளை இன்று எல்லாச் சாதியினரும் பாடுகின்றனர். அவர் வகுத்த எல்லையை அவர் பாட்டே கடந்துவிட்டது. புதிய மிஷனரிமாரின் தவற்றையும் மூடிவைக்கத் தேவையில்லை. சாதியை ஒழிப்பதற்கும் பூவைப் பறிப்பதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. இரண்டையும் ஒரே கட்டளைக்குள் அடக்கியதனால், சாதியைக் காக்க விரும்பியோருக்குப் பூவையும் பாட்டையும் கேடயமாய்க் கொடுத்துவிட்டனர். மொழிப்பற்றின் முதுகிலே சாதிப்பற்று ஏறிக்கொண்டது. இஃது அப்போது மட்டும் நிகழ்ந்ததா? நாவலர் பெருமானின் வசனநடையைப் போற்றும் நாம், அவருடைய வருணாசிரமப் பற்றைப் பற்றிப் பேச நேர்ந்தால் எவ்வளவு விரைவாக வேறு பேச்சுக்கு மாறுகிறோம் என்பதை எண்ணிப் பார்த்தாற் போதும்.

கட்டளையாற் சமத்துவம் வருமா என்ற கேள்விக்கு அடுத்த சில ஆண்டுகளே சோதனையாய் அமைந்தன. தஞ்சைச் சபைகள் அப்போது ஆங்கிலத் திருச்சபையின் ஆளுகைக்குட் சென்றிருந்தன. 1833 ஆம் ஆண்டிற் கல்கத்தா அத்தியட்சர் தானியேல் வில்சன், சாதிப் பிரிவினையை உடனடியாகவும் முற்றாகவும் கைவிட வேண்டும் என்று நிருபம் விடுத்தார். வேப்பேரியிலும் தஞ்சையிலும் வேளாளர் பலர் கோவிலை விட்டே வெளியேறினர். அவர்களுட் பலரை 1840களில் ஏற்றுக்கொண்டது எது? பழைய தரங்கம்பாடி மரபின் வாரிசாக வந்த லைப்சிக் லூத்தரன் மிஷன். அதன் தலைவர் கார்ல் கிரவுல், திருக்குறளைச் செருமன் மொழியில் ஆக்கிய பேரறிஞர். சாதி என்பது சமூக வழக்கு, சமயத்துக்குப் புறம்பானது, நற்செய்தியின் வெம்மையில் மெல்ல மெல்லத் தானே உருகும் என்பது அவர் கொள்கை. 1850 ஆம் ஆண்டிற் சென்னையிற் பிற மிஷன்கள் கூடி, சாதியை விட்டதற்கு அடையாளமாக எவர் சமைத்ததையும் உண்ணல் வேண்டும் என்று தீர்மானித்தபோது, லைப்சிக் மிஷனார் கையொப்பமிட மறுத்தனர். அம்மிஷனுள்ளேயே எதிர்ப்பு எழாமலில்லை. கார்ல் ஓக்ஸ் என்பவர் இதன் பொருட்டே 1850களின் இறுதியிற் பிரிந்து, பின்னர் டேனிய மிஷனின் பேரால் மேல்பட்டாம்பாக்கத்திலே பணி தொடங்கினார்.

கிரவுலின் வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஐரோப்பியன் கட்டளையிட்டுத் தமிழனை உண்ணச் செய்வதில் அவமதிப்பு இருப்பதை அவர் கண்டார். தமிழ்ப் பண்பாட்டை மதித்தார். ஆயின் அவர் மதித்த பண்பாடு யாருடையது? மெல்ல உருகட்டும் என்று பொறுத்திருக்குமாறு யாரிடம் சொன்னார்? காத்திருத்தலின் முழுச் செலவையும் பின்வரிசையில் இருந்தோர் மேல் ஏற்றிவிட்டுப் பொறுமையைப் பேசுவது எவருக்கும் எளிது. சாதி சமூக வழக்கே என்பதில் நமக்கும் உடன்பாடுதான். அதனாலேயே அது சோறும் கூலியும் நிலமும் சார்ந்தது. அதனாலேயே உடனே தொட வேண்டியது.

1919 ஆம் ஆண்டிலே தமிழ் லூத்தரன்மார் தனித் திருச்சபையாயினர். 1956 ஆம் ஆண்டில் இராசா மாணிக்கம் தரங்கம்பாடியின் முதல் இந்திய அத்தியட்சரானார். 1980களுக்குப் பின் தலித் இறையியல் என்ற பெயரிற் சென்னைக் குருகுல் இறையியற் கல்லூரி போன்ற இடங்களில் எழுந்த சிந்தனை, இராசநாயக்கன்மாரின் பக்கமிருந்து வேதத்தை வாசிக்கத் தொடங்கிற்று. இவையெல்லாம் முன்னேற்றமே. இந்திய அரசின் 1950 ஆம் ஆண்டு ஆணையோ, அட்டவணைச் சாதியினருக்குரிய சலுகைகளிலிருந்து கிறித்தவராயினோரை விலக்கியது; மதம் மாறியவுடன் சாதி மறைந்துவிடும் என்று அரசு நம்பியது போலும். தரங்கம்பாடியின் இருக்கை ஒழுங்கை அவ்வாணை வரைந்தோர் கண்டிருந்தால் அந்த நம்பிக்கை தோன்றியிராது.

நம்முடைய யாழ்ப்பாணத்தில் 1930களில் ‘சமாசனம், சமபோசனம்’ என்ற முழக்கம் எழுந்தது. பாடசாலையில் ஒரே வாங்கு, ஒரே பந்தி என்பது அதன் பொருள். அதற்காகவே பாடசாலைகள் எரிக்கப்பட்டன. 1968 ஆம் ஆண்டில் மாவிட்டபுரம் கோவில் வாயிலில் நின்றவர்கள் கேட்டது உள்ளே நுழையும் உரிமையை. இரண்டும் பெறுவதற்குரிய போராட்டங்கள். இரத்தம் சிந்திப் பெறப்பட்டவை. அவற்றின் அருமையைக் குறைத்து மதிக்கலாகாது. எனினும் சமபோசனப் பந்தியில் சமைத்தவர் எவர், பரிமாறியவர் எவர் என்று கேட்டவர் அன்று குறைவு. வாங்கிலே ஒரு மாணவனை இருத்திய பாடசாலை, அவன் தகப்பனுக்கு ஒத்தவரை ஆசிரியராய் முன்னே நிறுத்தியதற்கு இன்னும் எத்தனை ஆண்டுகள் சென்றன என்பதை நம் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டறியலாம்.

சான் பிரான்சிஸ்கோச் சபைகளின் கதை தரங்கம்பாடியினின்று வேறுபடும் இடம் இங்கேதான் உள்ளது. தரங்கம்பாடியில் மேலிருந்தோர் ஒருவரை உயர்த்த நினைத்து, கீழிருந்த சபைக்கு அஞ்சிப் பின்வாங்கினர். வில்சன் காலத்தில் மேலிருந்து கட்டளை வந்தது, சபை உடைந்தது. சேர்ச் வீதியிலோ சபையே முதலில் வாங்கிற்று, மேலிருந்தோர் தண்டித்தனர். வெளியேற்றப்பட்ட பின்னரும் அவர்கள் அதே போதகரிடமே வாங்கினர். 2009 ஆம் ஆண்டு ஓகஸ்டு மாதத்தில் மினியாபொலிஸ் நகரிற் கூடிய திருச்சபைப் பேரவை 559 வாக்குகளுக்கு 451 என்ற கணக்கில் விதியை மாற்றியது. அடுத்த ஆண்டில் ஜோன்சனும் புரொஸ்ட்டும் சில்காட்டும் திருச்சபையின் போதகர் வரிசையில் ஏற்கப்பட்டனர். நூற்றுக்கணக்கான சபைகள் இதனை வெறுத்து வெளியேறின. வேப்பேரியில் நிகழ்ந்தது போலவே. வேப்பேரி வேளாளர் கூறிய காரணங்களையும் இவர்கள் கூறிய காரணங்களையும் அருகருகே வைத்து நோக்கின், வேதவசனங்கள் வேறு. ‘முன்னோர் வழி’ என்ற சொல் ஒன்றே.

அன்று நான் சொன்ன விடையின் வெட்கத்தோடு, அடுத்த கிழமை அதே வகுப்பிலே குறவஞ்சியை நிறுத்தி வைத்துவிட்டு இராசநாயக்கனின் வரலாற்றை ஒரு பாட நேரம் முழுவதும் சொன்னேன். பரீட்சைக்கு வருமா என்று இருவர் கேட்டனர், வராது என்றேன். பின்வாங்கு மாணவன் பெயரின் எழுத்துக்களைத் திரும்பச் சொல்லச் சொல்லி, இறந்த ஆண்டையும் கேட்டுக் கொப்பியில் எழுதிக்கொண்டான்.